அமலினி எரித்த பறவை

2011 ஆம் ஆண்டு மாசி மாதம் பலேர்மோவில் வந்து இறங்கியபோது அமலினிக்கு இருபத்தாறு வயது. மன்னார் பேசாலையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு பார் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த கணவன் ஸ்ரீபன் குடும்ப விசாவில் கூப்பிட்டிருந்தான். வந்த சில நாட்களிலேயே ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. அப்போது அவளுக்குத் தெரிந்த இத்தாலியன் சொற்கள் ஆம், இல்லை, மன்னிக்கவும். மூன்றாவதைத்தான் கூடுதலாகப் பாவித்ததாக அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மூதாட்டி இறந்த பிறகு மணித்தியாலக் கணக்கில் வீடுகள் துப்புரவாக்கப் போனாள். பலேர்மோவில் இந்த வேலைக்கு விளம்பரம் கிடையாது. வீட்டுக்காரியான ஒரு சிஞ்ஞோறா இன்னொரு சிஞ்ஞோறாவுக்குச் சொல்வார், பெயர் கைமாறிப் போகும். அமலினியின் பெயரோடு சேர்ந்து போன சங்கதி, அவள் கடதாசி எறியமாட்டாள் என்பது. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய பஸ் ரிக்கற்றைக்கூட எடுத்து மேசையில் வைத்து, பறக்காமல் ஒரு கோப்பையைப் பாரமாக வைத்துவிட்டுத்தான் போவாள். எது தேவை, எது குப்பை என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். ஒரு வக்கீல் வீட்டில் அவள் அப்படி எடுத்துவைத்த ஹோட்டல் பில் கணவன் மனைவிக்கிடையே பெரிய சண்டையைக் கொண்டுவந்தது. அந்த வக்கீல்கூட அவளை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை.

யூன் ஹேசூக்கின் வீடு அப்படிப் பெயர் கைமாறித்தான் கிடைத்தது. ஹேசூக் கொரியாவின் தேகு நகரத்துக்காரர். ஒபேரா படிக்க இத்தாலிக்கு வந்து, பாடகர் குழு ஒன்றில் சேர்ந்து, நிக்கொலோ என்ற பலேர்மோக்காரரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். நிக்கொலோ சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருடத்தில் பாதி கடலில்தான். வீடு போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே, நாலாம் மாடியில். லிஃப்ற் இல்லை.

இருவருக்கும் இத்தாலியன் சொந்த மொழி இல்லை. அதனால் நன்றாக ஒத்துப்போனது. பலேர்மோக்காரர் விழுங்கிப் பேசும் வசனங்களை ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தெளிவார்கள். ஹேசூக் உறைப்பாகப் புளிக்கவைத்த கோவா இலையைப் போத்தலில் போட்டுக் கொடுப்பார். அமலினி மீன் கட்லெற் கொண்டுபோவாள். யாருடைய உறைப்பு பெரியது என்று இருவருக்கும் ஒரு போட்டி இருந்தது. கோவாவைத் தின்ற நாளில் தான் தோற்றுப்போனதாக அமலினி ஒத்துக்கொண்டாள்.

2025 தை மாதத்தில் அந்த வீட்டு வாசலில் ஒரு படம் வந்தது. முன்கதவின் உட்பக்கம், நிலைக்கு மேலே, உள்ளங்கை அளவு மஞ்சள் கடதாசி. அதில் சிவப்பு மையால் தூரிகை கொண்டு வரைந்த ஒரு பறவை. வளைந்த அலகு, வேட்டைப் பறவை. உடம்பு ஒன்று, தலை மூன்று, கால் ஒன்றே ஒன்று.

அமலினி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் நிலையைத் துடைத்தாள், அந்தக் கடதாசியின் பக்கம் துணியைக் கொண்டுபோகாமல் விட்டாள். பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கதவைத் திறக்கும்போது நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போகப் பழகினாள்.

அவள் வளர்ந்த இடத்தில் வாசலில் சிவப்பாக எதையாவது கண்டால் சனம் சும்மா இருக்காது. செய்வினை செய்யச் செப்புத் தகட்டில் கோடு கீறி வாசலில் தாட்டு வைத்தார்கள், அந்த வீட்டு வள்ளம் கவிழ்ந்தது என்பது போன்ற கதைகளைக் கேட்டுத்தான் அவள் சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள். அந்த வருடம் பார்த்து அவளுக்கு இடுப்பு நோவு தொடங்கியது. வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்து, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கைரேகையும் வைத்த பிறகு, அட்டை வரவேயில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் இன்னும் வரவில்லை என்றார்கள். இரண்டும் தை மாதத்துக்குப் பிறகுதான் நடந்தன என்று அவள் கணக்குப் போட்டாள்.

அவள் போகும் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை நடத்துபவர் பீலிக்ஸ். உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர், நல்ல குரல், யார் வீட்டில் சுகமில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர். அமலினி படத்தைக் கைபேசியில் எடுத்து அவருக்கு அனுப்பினாள். பீலிக்ஸ் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே குரல் பதிவு போட்டார்.

"பிள்ளை, உது ஆண்டவற்ரை படைப்பில்லை. மூண்டு தலை, ஒரு கால், எங்கையாவது கண்டிருக்கிறியே? உனக்கு இடுப்பு நோகாமல் வேறை என்ன நோகும்? எரிச்சுப்போட்டு, சாம்பலை ஓடுற தண்ணியிலை விடு. உப்பும் போடு."

அவள் எரிக்கவில்லை. பாஸ்காத் திருநாள் முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கிடையில் ஹேசூக் வீட்டு நடைவழிக்கு வண்ணம் அடிக்க ஆள் தேடினார். அமலினி றமேசைக் கூட்டிவந்தாள். முல்லைத்தீவுப் பெடியன், ஒரேத்தோவில் இன்னும் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருப்பவன், ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலி. தங்கள் ஆளைத் தங்கள் சிஞ்ஞோறாவிடம் சேர்த்துவிடுவது பலேர்மோத் தமிழரின் வழக்கம். சேர்த்துவிட்டவர்தான் அந்த ஆளுக்குப் பொறுப்பு.

றமேஸ் நன்றாகவே அடித்தான். ஒரு சொட்டு நிலத்தில் விழவில்லை. ஹேசூக்குக்கு அவ்வளவு பிடித்துப்போய், கட்டடத்தின் நிர்வாகியிடமும் சொல்லிவிட்டார். முழுப் படிக்கட்டுக்கும் வண்ணம் அடிக்கும் வேலை வரப்போவதாகவும், அதை றமேசின் முதலாளியிடமே கொடுப்பதாகவும் நிர்வாகி சொன்னார். முதலாளி றமேசைக் கூப்பிட்டு, படிக்கட்டு வேலை வந்தால் அவனை முறையான கொந்தராத்து ஒப்பந்தத்தில், பதிவோடு எடுப்பதாக வாக்குக் கொடுத்தார். றமேசுக்கு அது பெரிய விஷயம். பதிவு வேலை காட்டினால்தான் ஊரிலிருக்கும் மனைவி டிலக்ஷியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். கலியாணம் கட்டியபின் இருவரும் ஒன்றாக இருந்த காலம் ஒரு விடுமுறை மட்டுமே.

வண்ணம் அடித்து முடிந்த மறுநாள் அமலினி நடைவழியைத் துடைக்கப் போனாள். ஹேசூக் ஒத்திகைக்குப் போயிருந்தார். புதிய வெள்ளைச் சுவரில் அந்தப் பறவை இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து வாளியைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்தது. நிமிர்ந்தாள். மூன்று தலையும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது.

கதிரை போட்டு ஏறிக் கழற்றினாள். பின்பக்கத்தில் கொஞ்சம் சோற்றுப் பசை காய்ந்திருந்தது. பால்கனியில் ஒரு பழைய சட்டியில் கைப்பிடி உப்பைப் போட்டு, பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டு நெருப்பு வைத்தாள். கீழே சந்தையில் ஒருவன் கூனைப்பூ விலை கூவிக்கொண்டிருந்தான். கடதாசி அவள் நினைத்ததைவிட விரைவாக எரிந்துபோனது.

ஓடுகிற தண்ணீர் என்று பீலிக்ஸ் சொன்னது கடலைத்தான் என்று அவளுக்குத் தெரியும். படகுகள் கட்டிவைக்கும் லா காலா துறை நடந்துபோகும் தூரம். ஆனால் அடுத்து வேலைக்குப் போகவேண்டிய வீட்டுச் சிஞ்ஞோறா காத்துக்கொண்டிருந்தார். அமலினி சாம்பலை அந்த வீட்டின் இரண்டு கழிப்பறைகளில் சின்னதில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டாள். ஒரு கறுப்புத் துண்டு சுற்றிச் சுற்றி மேலே வந்தது. இன்னொரு தரம் இழுத்தாள்.

அன்று அவளுக்கு மனம் இலேசாக இருந்தது. பீலிக்சுக்கு, முடிஞ்சுது அண்ணை என்று செய்தி போட்டாள். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹேசூக் கதவடியிலேயே நின்றார். முகம் வெளிறியிருந்தது. மேலே காட்டி, இங்கே இருந்தது எங்கே என்று கேட்டார். அமலினி குனிந்து செருப்பைக் கழற்றினாள். வண்ணம் அடித்தவர் கழற்றினாரா என்று ஹேசூக் அடுத்துக் கேட்டார்.

"தெரியாது, சிஞ்ஞோறா" என்றாள் அமலினி.

றமேஸ்தான் என்று அவள் சொல்லவில்லை. சொன்னது அந்த ஒரு சொல் மட்டும். மிச்சத்தை ஹேசூக்கே கட்டிக்கொண்டார். ஏணி வைத்து ஏறியவன் அவன்தான், பசை விட்டுப்போயிருக்கும், குப்பையென்று சுருட்டி எறிந்திருப்பான். அமலினி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

பிறகு ஹேசூக் சமையலறையில் உட்கார்ந்து, கேட்காமலே பறவையின் கதையைச் சொன்னார். அது மூன்று தலை வல்லூறு. கொரியாவில் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, தொடர்ந்து மூன்று கெட்ட வருடங்கள் வரும். நெருப்பு, வெள்ளம், காற்று என்று மூன்று வகை ஆபத்து. மூன்று தலையும் மூன்றையும் கொத்தி விரட்டும், அதனால் வாசலுக்கு மேலே ஒட்டுவார்கள். 1983இல், பன்றி வருடத்தில், பிறந்த நிக்கொலோவுக்கு 2025இல் மூன்று வருடம் தொடங்குகிறது. கப்பலில் இருப்பவனுக்கு நெருப்பும் தண்ணீரும் காற்றும்தான் பயம். மருமகனுக்காகத் தன் தாயே இருந்து வரைந்தது என்றார் ஹேசூக். தாய்க்கு இப்போது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையையே இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். இன்னொன்று வரையமாட்டார்.

தானும் அதை முழுக்க நம்புகிறவளில்லை என்று கடைசியில் ஹேசூக் சொன்னார். நிக்கொலோ கடலில் இருக்கும்போது மட்டும் நம்புவாராம்.

ஏழரைச் சனி என்று அமலினிக்கு மனதில் ஓடியது. பக்கத்து வீட்டுச் சைவச் சனத்தோடு பழகி அவளுக்கு அந்தச் சொல் தெரியும். அன்று அவள் சின்னக் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள். வெளியே வந்தபோது ஹேசூக் தொலைபேசியில் நிர்வாகியோடு பேசிக்கொண்டிருந்தார். வண்ணம் அடித்தவரைப் பற்றித்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலேர்மோத் தமிழர் பாதிப்பேர் ஊரின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் குகைக்கு மலையேறுவார்கள். வேதக்காரரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள். கல்லுப் பாதையின் ஒரு வளைவில் றமேஸ் உட்கார்ந்திருந்தான். அமலினியைக் கண்டதும் எழும்பினான். அவளுக்காகத்தான் நின்றிருக்கிறான்.

படிக்கட்டு வேலை முதலாளிக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் தன்னைக் கொண்டுவர வேண்டாம் என்று நிர்வாகி சொல்லிவிட்டார் என்றான். அந்தக் கொந்தராத்து இன்னொருவனுக்குப் போகப்போகிறது. இந்தக் கிழமை முடிவதற்குள் முதலாளி வேலைக்கு வருகிறவனின் பெயரைக் கொடுக்க வேண்டுமாம்.

"அக்கா, நான் அந்தப் படத்திலை கை வைக்கேல்லை. பிளாஸ்ரிக் வெட்டி மூடி, சுத்திவர ரேப் ஒட்டிப்போட்டுத்தான் அடிச்சனான். கழட்டேக்கையும் ஒரு மூலை கிழியேல்லை. என்ரை அம்மா வாசல்ல எலுமிச்சங்காய் கட்டுறவ. ஆக்கள் வாசல்ல வைச்சிருக்கிறதை நான் தொடுவனே?"

அமலினி கீழே தெரிந்த துறைமுகத்தைப் பார்த்தாள்.

"அந்தச் சிஞ்ஞோறாவுக்கு நான் சொன்னா விளங்காது. நீங்கள் சொன்னா நம்புவா. ஒருக்கா கதையுங்கோ அக்கா. டிலக்ஷியிட்டை இன்னும் சொல்லேல்லை."

"ஓம், கதைக்கிறன்" என்றாள்.

அவன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள். மேலே குகைக்குள் போய் மெழுகுதிரி கொளுத்தினாள், ஆனால் எதையும் கேட்டு மன்றாடவில்லை. புனிதையின் படுத்த சிலையைப் பார்க்காமல், அதை மூடிய கண்ணாடியில் ஒட்டியிருந்த விரல் அடையாளங்களையே பார்த்துவிட்டு இறங்கினாள்.

இறங்கி வரும்போது பீலிக்சை அழைத்து நடந்ததைச் சொன்னாள். சொல்லவேண்டிய தேவையில்லை, பெடியனுக்கு வேறு வேலை கிடைக்கும், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம் என்றார் அவர். நான் எரித்ததை என்ன செய்வது என்று கேட்டாள். அது பாவமில்லை பிள்ளை என்றார். அன்றைக்கு அவள் முதல்முறையாக அவரோடு பேசிய அழைப்பைப் பாதியில் வைத்தாள்.

ஸ்ரீபனிடம் சொன்னபோது அவன் திட்டவில்லை. அல்பெர்கேரியாவில் அவர்களுடைய வீட்டு வாசல் நிலையில், குருத்து ஞாயிறன்று கோவிலில் வாங்கிய ஓலைச் சிலுவை செருகியிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்தான்.

"உதை ஒராள் வந்து எரிச்சுப்போட்டுத் தெரியாதெண்டு சொன்னா, நீர் என்ன செய்வீர்?"

"அடிப்பன்" என்றாள் அமலினி.

"பேந்தென்ன" என்றுவிட்டு அவன் வேலைக்குப் போனான்.

திங்கட்கிழமை ஹேசூக்கிடம் சொல்ல நினைத்தும், அவளுக்கு அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போகவே முடியவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கை தவறவிட்டாள். அவள் கையில் உடைந்த முதல் பாத்திரம். அந்தச் சிஞ்ஞோறா பரவாயில்லை என்று சொல்ல, அமலினி அழுதாள். கிண்ணத்துக்கு அழுகிறாள் என்று நினைத்து அவர் கோப்பி போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஹேசூக் கதவைத் திறந்ததும், செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். றமேஸ் இல்லை, நான். கழற்றினேன், எரித்தேன். அது கெட்டது என்று நினைத்தேன். இத்தாலியனில் சொன்னதால் வசனங்கள் சின்னதாக வந்தன, ஒளிந்துகொள்ள இடம் இருக்கவில்லை.

ஹேசூக் நிலைக்கு மேலே வெறுமையாய் இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு, சாம்பல் எங்கே என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கழிப்பறை என்று சொல்லவில்லை. "கடலில்" என்றாள். "லா காலாவில்."

ஹேசூக்கின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. கடலா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். நிக்கொலோவும் கடலில்தானே என்றார். பழக் கிண்ணத்திலிருந்து மூன்று நெஸ்போலாப் பழங்களை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து, சப்பாத்தைப் போட்டார்.

"அந்த இடத்தைக் காட்டுங்கள்."

துறைமுக வேலியோரமாக இருவரும் நடந்தார்கள். ஹேசூக் முன்னால், அமலினி பின்னால். வழியில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சந்தியிலும் நினைத்தாள். லா காலாவில் வள்ளங்கள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எங்கே என்று கேட்டபோது, அமலினி ஒரு மூலையைக் கையால் காட்டினாள். ஹேசூக் பழங்களைக் கல்லு விளிம்பில் அடுக்கினார். சப்பாத்தைக் கழற்றி வைத்தார். இரண்டு கையையும் நெற்றிக்குக் கொண்டுபோய், முழங்கால் மடித்து, தலை நிலத்தில் படக் கும்பிட்டார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஹேசூக் எழும்பி இரண்டாம் முறை கையை உயர்த்தியபோது அமலினி அவருக்குப் பக்கத்தில் போனாள்.

"இங்கே இல்லை, சிஞ்ஞோறா."

ஹேசூக் கையை இறக்காமல் பார்த்தார்.

"கழிப்பறையில் விட்டேன். உங்கள் வீட்டில்."

"எதில்?"

"சின்னதில்."

ஹேசூக்கின் வாய் ஒரு கணம் சிரிப்பதுபோலக் கோணியது. பிறகு அது சிரிப்பில்லை. திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். அமலினி வள்ளத்துக் கயிறுகளைப் பார்த்தாள், கிழவரின் வாளியைப் பார்த்தாள். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஹேசூக் அந்த இரண்டாவது கும்பிடையும் கும்பிட்டு முடித்தார். யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"மூன்று வருடமாக என் வீட்டுக்கு வருகிறீர்கள். ஒருநாள் என்னிடம் கேட்டிருக்கலாமே?"

பலேர்மோவில் அமலினி முதலில் படித்த மூன்று சொற்களில் கடைசிச் சொல், மன்னிக்கவும், வாயில் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டாள்.

ஹேசூக் அங்கே நின்றபடியே நிர்வாகியை அழைத்தார். வண்ணம் அடித்தவரில் பிழையில்லை, தன் வீட்டுக்குள் நடந்த தவறு அது, அவரையே படிக்கட்டுக்கு எடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அமலினியின் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு, கொஞ்சக் காலம் தானே துப்புரவாக்கிக்கொள்வதாகப் பணிவாகச் சொல்லி, சாவியைக் கேட்டு வாங்கினார். கட்லெற் கொண்டுவந்த டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் அமலினி றமேசுக்கு அழைத்தாள். வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எரித்தது நான், தெரியாது என்று சொன்னதும் நான் என்றாள். மறுமுனையில் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"மலையிலை என்ரை போத்தலிலை தண்ணி குடிச்சனீங்கள், அக்கா" என்றான் றமேஸ். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சரி, வைக்கிறன்" என்றான்.

வருகிற திங்கட்கிழமை அவன் கொந்தராத்தில் கையெழுத்து வைக்கிறான். படிக்கட்டு வேலை கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி, நாலாம் மாடியில் ஹேசூக்கின் வாசல்வரை போகிறது.